பண்டாரவளையில் விஸ்கிக்குச் சோளம் வளர்க்கலாமா?

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பண்டாரவளைப் பக்கம் அரை ஏக்கர் காணி இருக்கிறதாம். இதுவரை உருளைக்கிழங்கும் போஞ்சியும் போட்டவர். அமெரிக்காவின் பேர்பன் விஸ்கி சோளத்தில்தான் செய்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆசை வந்திருக்கிறது. எந்த இனச் சோளம் விஸ்கிக்கு நல்லது, நம் மலைநாட்டில் அது வருமா, வந்தால் வீட்டிலேயே கொஞ்சம் வடித்துப் பார்க்கலாமா என்பது கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வடிக்கக் கூடாது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுசாரம் வடிப்பது குற்றம். அதற்கான பாத்திரம், குழாய், ஊறல் (வடிப்பதற்காக நொதிக்கவிட்ட கலவை) எதையும் வைத்திருந்தாலே வழக்கு வரும். வீட்டில் குடிக்க ஒரு போத்தல்தானே என்று சொன்னால் மதுவரித் திணைக்களமும் பொலிசும் அதைக் கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம் என்றுதான் எழுதும். நியூசிலாந்தில் 1996 முதல் சொந்தப் பாவனைக்கு வீட்டில் வடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த நாட்டுக்காரர்கள் எழுதுவதையும் படம் பிடித்துப் போடுவதையும் பார்த்துவிட்டு நம் ஊரிலும் ஆகும் என்று நினைக்க வேண்டாம்.

சட்டத்தை விட்டாலும் எனக்கு இதில் பிடிவாதம் உண்டு. தோட்டத்து லயங்களில் கசிப்பு என்ன செய்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். சம்பள நாளில் கொழுந்துக் காசு எங்கே போகிறது, அன்றிரவு எந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கிறது என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒன்றைச் சரியாகவும் சொல்ல வேண்டும். தானிய ஊறலில் இயல்பாக உண்டாகும் மெத்தனால் மிகக் கொஞ்சம். கண் போவதும் உயிர் போவதும் பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனாலை யாராவது கலப்பதால். ஈயம் பற்றவைத்த பழைய ரேடியேட்டரையும் குழாயையும் வைத்து வடிப்பதால் உடம்பில் மெல்ல ஈயம் சேர்வது இன்னொரு கேடு. அடுப்புக்குப் பக்கத்தில் மதுசார ஆவி கசிந்து தீப்பிடிப்பதும் உண்டு. பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய லயத்தில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் வரிசையே போய்விடும்.

அப்படியென்றால் இந்தப் பதிலை ஏன் எழுத வேண்டும்? விஸ்கிக்கு நல்ல சோளம் என்று அவர்கள் தேடுவது எதையோ, அதுதான் நல்ல ரொட்டிக்கும் நல்ல கஞ்சிக்கும் வேண்டியது. நன்றாக முற்றிய, மாப்பொருள் நிறைந்த, மணமுள்ள, பூஞ்சணம் தொடாத மணி. அதை வளர்க்கக் கற்றுக்கொண்டால் உங்கள் அரை ஏக்கருக்கு அது போதுமான வேலை. நம் மலைநாட்டில் சோளத்தை அவித்துத் தின்னும் பச்சைக் கதிராக மட்டுமே நினைத்துப் பழகிவிட்டோம். தானியமாக விளையவைத்துக் காயவைப்பது வேறு வித்தை. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் இனம். கடையில் விதைப் பாக்கெட்டில் கிடைக்கும் ஸ்வீட் கோர்ன் இதற்கு உதவாது. அதன் மணியில் சீனி மாப்பொருளாக மாறாமல் தங்கும்படி ஒரு மரபணுக் குறை இருக்கிறது. இனிப்பு அதிகம் என்றால் மதுசாரமும் அதிகம் வராதா என்று சிலர் கேட்பார்கள். வராது. காய்ந்தபின் அந்த மணியைப் பாருங்கள், சுருங்கிச் சூம்பிப் போயிருக்கும். உள்ளே நிறை இல்லை. பொப் கோர்ன் இனத்திலோ மணி முழுக்கக் கண்ணாடி மாதிரி இறுகிய மாப்பொருள். அரைப்பதே சிரமம்.

விஸ்கிக்காரர்கள் எடுப்பது டென்ட் சோளம். முற்றிய மணி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உச்சியில் விரல்நுனியால் அமுக்கிய மாதிரி ஒரு குழி இருக்கும். அதை நீளவாக்கில் கத்தியால் பிளந்தால் காரணம் தெரியும். இரண்டு பக்கச் சுவரிலும் மஞ்சளாக, கொம்பு மாதிரி இறுகிய பகுதி. நடுவில் உச்சி வரைக்கும் வெள்ளையாகப் பொடிப் பொடியான மென்மாப் பகுதி. கீழே ஒரு பக்கமாக எண்ணெய்ப் பசையுள்ள முளைக்கரு. காயும்போது நடுப்பகுதி சுருங்குகிறது, பக்கச் சுவர் சுருங்குவதில்லை, அதனால்தான் அந்தக் குழி. இந்த மென்மா தண்ணீரைச் சீக்கிரம் குடிக்கும், சீக்கிரம் வேகும். பிளின்ட் என்ற இனத்தில் சுவர் மணியைச் சுற்றி முழுதாக மூடியிருக்கும், உச்சி வழுவழுப்பாக உருண்டிருக்கும். அதற்கு வண்டு எளிதில் ஏறாது, ஈரத்தையும் ஓரளவு தாங்கும், ஆனால் வேக நேரம் எடுக்கும். காடு வெட்டிப் பயிரிடும் நம் பழைய சேனைச் சோளங்களில் பிளின்ட் சாயல்தான் அதிகம்.

டென்ட் சோளத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 70 வீதம் மாப்பொருள், 8 முதல் 10 வீதம் புரதம், 4 வீதம் எண்ணெய். ஒரு கிலோ மாப்பொருள் முழுவதும் நொதித்தால் கணக்குப்படி 0.72 லீட்டர் சுத்த மதுசாரம். சேமிக்கும் பதத்தில் காய்ந்த சோளம் ஒரு கிலோவுக்குப் பெரிய ஆலைகள் எடுப்பது 0.4 லீட்டர் அளவு. இனத்துக்கு இனம் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் மணத்திலும் வாயில் தங்கும் தன்மையிலும்தான்.

பேர்பன் என்று பெயர் போட அமெரிக்கச் சட்டப்படி தானியக் கலவையில் குறைந்தது 51 வீதம் சோளம் வேண்டும், உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வைக்க வேண்டும். சோள விஸ்கி என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதற்கு 80 வீதம் சோளம். மீதிக்கு ரை, கோதுமை, முளைகட்டிய பார்லி. சோளத்தை வேகவைத்தால் மாப்பொருள் கூழாகுமே தவிரச் சீனியாகாது. அந்த வேலையை முளைகட்டிய பார்லியின் நொதியம் செய்கிறது. பேர்பனின் தேன் நிறம் முழுவதும் மரத்தில் இருந்து வருவது. சிவப்புச் சோளத்தில் செய்தால் விஸ்கி சிவக்கும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நிறம் ஆவியோடு ஏறாது, ஊறலிலேயே தங்கிவிடும்.

பெரிய வடிசாலைகள் வாங்குவது சந்தையில் மூட்டை மூட்டையாக வரும் மஞ்சள் டென்ட். அதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1846இல் ரொபர்ட் ரீட் என்பவர் ஒஹாயோவில் இருந்து இலினோய்க்குக் குடிபெயர்ந்தபோது ஒரு செந்நிறச் சோள விதையைக் கொண்டுபோனார். அடுத்த வருடம் அந்த விதை சரியாக முளைக்கவில்லை. இடைவெளிகளில் அந்த ஊர் மஞ்சள் பிளின்ட்டை ஊன்றினார். இரண்டும் கலந்தன. அவர் மகன் வருடா வருடம் நல்ல கதிராகப் பார்த்துப் பொறுக்கிப் பொறுக்கி ஒரு இனத்தை உருவாக்கினார். 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. ரீட்ஸ் யெல்லோ டென்ட் என்ற அந்த இனத்தின் இரத்தம் இன்றைய கலப்பினங்கள் பலவற்றில் ஓடுகிறது. ஒரு குடும்பம், ஒரு வயல், பொறுமை. நம்மால் முடியாத காரியம் ஒன்றுமில்லை.

சிறிய வடிசாலைகள் இப்போது பழைய இனங்களைத் தேடிப் போகின்றன. வேர்ஜீனியாப் பக்கத்து ப்ளடி புச்சர், பெரிய வெள்ளை மணியுள்ள ஹிக்கரி கிங், அழியப்போய் மீட்கப்பட்ட தென் கரோலினாவின் ஜிம்மி ரெட் ஆகியவை பெயர் பெற்றவை. ஜிம்மி ரெட்டில் சார்ல்ஸ்டன் நகரத்து வடிசாலை ஒன்று விஸ்கி செய்து பேர் வாங்கியிருக்கிறது. இவற்றின் விதை இணையத்தில் விலைக்கு வருகிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். தயவுசெய்து பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம், தபாலில் எடுக்கவும் வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி விதை கொண்டுவர முன்கூட்டியே அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். கட்டுநாயக்கவில் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் இருப்பது இதற்குத்தான். விதையோடு நோய் வந்தால் அது உங்கள் வேலிக்குள் நிற்காது. மொனராகலையிலும் மகியங்கனையிலும் சோளத்தை நம்பிக் கடன் வாங்கியிருக்கும் குடும்பங்கள் எத்தனையோ.

அதுவும் தவிர, அந்த இனங்களை இங்கே கொண்டுவருவதில் பெரிய லாபம் இருக்காது. கோடையில் பதினான்கு மணி நேர வெயிலில் வளர்ந்து பழகியவை அவை. நமக்கு வருடம் முழுக்கப் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம். அந்த வகைச் சோளம் இங்கே வந்தால் உடம்பு வளருமுன் பூத்துவிடும், கதிர் சிறுத்துப் போகும்.

நம்மிடம் இருப்பதைப் பார்ப்போம். விவசாயத் திணைக்களத்தின் மகா இலுப்பள்ளம நிலையம் வெளியிட்ட ருவன், பத்ரா போன்றவை திறந்த மகரந்தச் சேர்க்கை இனங்கள். அவற்றில் விதை எடுத்து அடுத்த போகத்துக்கும் போடலாம். சம்பத் போன்றவை கலப்பினம். விளைச்சல் கூடும், ஆனால் எடுத்து விதைத்தால் பிள்ளை தாய் மாதிரி வராது. சந்தைக்கு விற்கிறவருக்குக் கலப்பினம் சரி. உங்களுக்கு நான் திறந்த மகரந்த இனத்தைத்தான் சொல்வேன். மலைக்கு ஏற்ற சோளம் என்று ஒன்றை யாரும் பாக்கெட்டில் போட்டுத் தரமாட்டார்கள். உங்கள் காணியில் நன்றாக வந்த செடியில் இருந்து நீங்களேதான் அதைப் பொறுக்க வேண்டும். முடிந்தால் வெலிமடை, பசறை, பிபிலைப் பக்கம் பழைய சேனைக்காரர்களிடம் வீட்டு விதை இருக்கிறதா என்று விசாரியுங்கள். கூரைக்கடியில் கட்டித் தொங்கும் நாலு கதிர் கிடைத்தாலும் பெரிய சொத்து.

சரி, உயரத்துக்கு வருவோம். சோளம் ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்குக் கீழே வளர்ச்சியை நிறுத்திவிடும். அதற்கு மேல் எத்தனை பாகை இருக்கிறதோ அதுதான் அந்த நாளுக்கு அதன் சாப்பாடு. அநுராதபுரத்தில் பெரும்போக மாதங்களில் சராசரி 26 அளவு. நாளுக்குப் பதினாறு பங்கு கிடைக்கிறது. பண்டாரவளையில் சராசரி 20 அளவு. பத்துப் பங்குதான். அங்கே மூன்றரை மாதத்தில் விளைகிற இனம் இங்கே ஐந்தரை மாதம் அளவு எடுக்கும். பதற வேண்டாம், மெல்ல விளைவதில் கெடுதல் இல்லை. இரவுக் குளிரில் செடி செலவழிப்பது குறைவு, மணி நன்றாக நிரம்பும். அப்புறம் நுவரெலியா. அங்கே சராசரி 16 பாகை. தை மாதத்தில் நிலத்தில் உறைபனி விழும். ஆறு மாதத்துக்கு மேல் நின்றும் மணி பாலாகவே இருக்கும். என் கணக்கில் 1,500 மீற்றருக்கு மேலே தானியச் சோளம் போடுவது காணியை வீணாக்குவது. அங்கிருப்பவர்கள் பச்சைக் கதிரோடு திருப்திப்படலாம். பதுளை, ஹாலி எல, பசறை, வெலிமடை, பண்டாரவளை எல்லாம் சரியான உயரம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் உயரம் ஒத்துக்கொண்டாலும் மூடுபனிதான் எதிரி.

விதைக்கும் நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கதிர் முற்றும் மாதங்கள் வெயில் மாதங்களாக இருக்க வேண்டும் என்று பின்னால் இருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். ஊவாப் பக்கம் மழை ஐப்பசி முதல் தை வரை. மாசியில் வெயில் காயும். பங்குனிக் கடைசியில் மறுபடி இடிமழை தொடங்கிவிடும். ஆகவே செப்டெம்பர் கடைசி வாரத்தில், முதல் இடிமழைக்கு முன்னாலேயே ஊன்றிவிட வேண்டும். மண் காய்ந்திருந்தால் பூவாளியால் தண்ணீர் விட்டு முளைக்கவைக்கலாம். ஒக்டோபர் நடுப்பகுதிக்குத் தள்ளிப்போனால் கதிர் சித்திரை மழையில் நனையும். சிறுபோகத்தில் போடலாமா என்றால், ஜூன் ஜூலையில் கச்சான் காற்று ஊவா மலைகளில் அடிக்கும் அடியில் கதிர் நுனியில் தொங்கும் பட்டுநூல் கருகிவிடும். பூக்கிற இரண்டு வாரத்தில் தண்ணீர் குறைந்தால் கதிரில் பாதிப் பல்தான் இருக்கும்.

மண்ணைப் பொறுத்தவரை, தேயிலை நின்ற நிலம் என்றால் அமிலம் அதிகம். அமிலத்தை அளக்கும் pH எண் குறையக் குறைய அமிலம் கூடும். தேயிலைக்கு அது 4.5 முதல் 5.5 வரை போதும். சோளத்துக்கு 6க்குப் பக்கத்தில் வேண்டும். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும், பொசுபரசும் மண்ணிலேயே பூட்டிக்கொள்ளும். செடி முழங்கால் உயரத்தில் நிற்கும்போது இலை விளிம்பு ஊதாவாக ஓடினால் அதுதான் அறிகுறி. குளிராலும் கொஞ்சம் ஊதா வரும், ஆனால் அது வெயில் அடித்ததும் போய்விடும். அடி இலை நுனியில் இருந்து நடுநரம்பு வழியாக மஞ்சள் ஓடினால் நைதரசன் குறைவு. ஓரம் மட்டும் தீய்ந்தால் பொட்டாசியம். டொலமைட்டை விதைப்பதற்கு ஒரு மாதம் முன்பே கொத்திப் போடுங்கள், மக்னீசியமும் சேர்ந்து கிடைக்கும். எவ்வளவு என்பதை மண்ணைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உங்கள் பக்கத்துக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். உரத்தின் அளவும் அங்கேயே கிடைக்கும்.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், உருளைக்கிழங்கு போட்ட மண். கிழங்குக்குக் கொட்டிய உரம் இன்னும் மிச்சம் இருக்கும். சோளத்தின் வேர் ஆழமாகப் போய் அதை எடுத்துவிடும். கிழங்கு, தக்காளியைச் சாய்க்கும் பக்டீரியா வாடல் நோய்க்குச் சோளம் இடம் கொடுக்காது. ஒரு போகம் சோளம் நின்றால் அடுத்த கிழங்குக்கும் நல்லது. விஸ்கியை மறந்துவிட்டாலும் இதற்காகவே போடலாம்.

சரிவுக்குக் குறுக்காகத்தான் வரிசை போட வேண்டும். மேலிருந்து கீழாகப் போட்டால் ஒரே மழையில் மேல்மண் எல்லாம் கானுக்குப் போய்விடும். இரண்டு அடிக்கு ஒரு வரிசை, வரிசையில் ஒரு அடிக்கு ஒரு செடி. குழிக்கு இரண்டு விதை ஊன்றி, முளைத்தபின் பலவீனமானதைக் கிள்ளிவிடலாம். வேலியோரமாக நீளமாக ஒரே வரிசை வைப்பது நம் பழக்கம். தானியத்துக்கு அது கூடாது. மகரந்தம் உச்சியில் உள்ள பூங்கொத்தில் இருந்து காற்றில் விழுந்து கீழே கதிரின் பட்டுநூலில் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்குப் போகிறது. நூலில் தூள் விழாவிட்டால் அந்த மணி இல்லை. சதுரமாகக் கட்டம் கட்டி நடுங்கள், குறைந்தது நான்கு வரிசை. மலைக்காற்று ஒரே பக்கம் அடிக்கும் இடமென்றால் இன்னும் கூட்டுங்கள். முழங்கால் உயரம் வந்ததும் மண் அணைத்து, அப்போது மேலுரம் கொடுங்கள். போஞ்சியைக் கூடவே ஏற்றுவதென்றால் சோளம் ஒரு அடி வளர்ந்த பிறகு ஊன்ற வேண்டும், இல்லாவிட்டால் போஞ்சிக்கொடி சோளத்தை மடக்கிவிடும்.

பக்கத்துக் காணிக்காரர் ஸ்வீட் கோர்ன் போட்டிருந்தால் பேசிக்கொள்ளுங்கள். தூள் கலந்தால் அவருடைய கதிரில் மணி இனிப்பிழந்து கட்டியாகும், உங்களுடைய விதையும் கெடும். இரண்டும் பூக்கும் காலம் மூன்று நான்கு வாரம் தள்ளியிருந்தால் பிரச்சினை இல்லை.

இனி புழு. 2018 கடைசியில் இலங்கைக்குள் வந்த படைப்புழு, நம்மவர்கள் சேனாப் புழு என்று சொல்வது, மலையிலும் ஏறிவிட்டது. குளிர் அதைக் கொஞ்சம் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. முளைத்த இரண்டாவது வாரத்தில் இருந்து காலையில் நடந்து பாருங்கள். இலையில் கண்ணாடித்தாள் மாதிரி வெளிறிய சிறு கோடுகள் தெரிந்தால் குஞ்சுப் புழு சுரண்டியிருக்கிறது. குருத்தைப் பிரித்தால் மரத்தூள் போல ஈரமான எச்சம் இருக்கும், அதற்குள் புழு. தலையில் கவிழ்த்த ஆங்கில வை எழுத்து, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி. அதுதான் என்று உறுதி. அரை ஏக்கருக்குக் கைதான் மருந்து. இலைக்கடியில் பஞ்சு மூடினாற்போல் முட்டைக் கூட்டம் கிடைத்தால் நசுக்கிவிடுங்கள். ஒரு கூட்டத்தில் நூறுக்கு மேல் இருக்கும். குருத்துக்குள் பிடி சாம்பலோ மெல்லிய மணலோ போட்டால் சின்னப் புழு சாகும். பூவெடுத்த பிறகு கண்டால் தாமதம்தான். அந்தக் கதிரைத் தனியாக ஒதுக்க வேண்டும், ஏனென்றால் புழு துளைத்த வழியாகத்தான் பூஞ்சணம் நுழைகிறது.

காட்டுப்பன்றியையும் முள்ளம்பன்றியையும் குரங்கையும் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பால் பிடிக்கும் வாரத்தில்தான் அவை வரும். அந்த நாட்களில் காவலுக்கு ஆள் இல்லையென்றால் சோளம் போடாமல் இருப்பதே மேல்.

காயவைப்பதில்தான் மலைநாட்டுச் சோளம் ஜெயிப்பதும் தோற்பதும். மடல் காய்ந்து வெளுத்ததும் ஒரு கதிரின் நடுவில் இருந்து மணியைப் பிடுங்கி, அது தக்கையோடு ஒட்டியிருந்த நுனியை நகத்தால் கீறுங்கள். கறுப்பாக மெல்லிய ஒரு படலம் தெரிந்தால் மணிக்கு இனிச் செடியில் இருந்து எதுவும் போகாது. முற்றிவிட்டது. அப்போது அதில் இன்னும் 30 வீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். வறள்வலயத்தில் செடியிலேயே காயவிடுவார்கள். நாம் அப்படி விடக்கூடாது. காலை பத்து மணி வரை மூடுபனி நிற்கும் இடத்தில் மடலுக்குள் தண்ணீர் இறங்கினால் கதிரின் நுனியில் இருந்து வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூஞ்சணம் பிடிக்கும். கறுப்புப் படலம் கண்ட அன்றே ஒடித்து எடுங்கள். மடலைப் பின்னால் உரித்து, இரண்டு இரண்டாக முடிந்து, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுங்கள். விறகுப் புகை ஈரத்தையும் எடுக்கும், வண்டையும் அண்டவிடாது. வெயில் நாட்களில் வெளியே எடுத்துச் சாக்கில் பரப்பி, நாலு மணிக்கே உள்ளே எடுத்துவிட வேண்டும். மாலைப் பனி பட்டால் காய்ந்தது எல்லாம் வீண்.

சேமிக்க 13 வீத ஈரம் வேண்டும். கருவி இல்லாமலும் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த போத்தலில் ஒரு பிடி மணியும் இரண்டு கரண்டி காய்ந்த தூள் உப்பும் போட்டுக் குலுக்கிச் சற்று வையுங்கள். உப்பு போத்தல் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 வீதத்துக்கு மேல் இருக்கிறது, மறுபடி காயவையுங்கள். ஒட்டாமல் உதிர்ந்தால் மணியை உதிர்த்துக் காற்றுப் புகாத கேனில் அடைத்துவிடலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்த மணியை அரிசியில் கல் பொறுக்குவதுபோல் ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும். பூஞ்சணம் உண்டாக்கும் அப்ளாடொக்சின் என்ற நஞ்சு கொதிக்கவைத்தாலும் முழுதாக அழியாது. கோழிக்கும் போடாதீர்கள், அதன் ஈரலும் கெட்டுப்போகும்.

விதைக்கு எடுப்பது அறுவடைக்கு முன்பே தொடங்கும் வேலை. ஒடித்துக் குவித்த பிறகு பெரிய கதிராகப் பார்த்து எடுத்தால், ஓரத்தில் தனியாக நின்று உரம் அதிகம் தின்ற செடியின் கதிராக அது இருந்துவிடும். செடி நிற்கும்போதே உள்ளே நடந்து, நான்கு பக்கமும் செடி சூழ நின்றும் நல்ல கதிர் பிடித்தது, காற்றில் சாயாதது, முந்தி முற்றியது, மடல் கதிர் நுனியைத் தாண்டி இறுக்கமாக மூடியது, இப்படிப் பார்த்து நூல் கட்டி அடையாளம் வையுங்கள். மடல் இறுக்கம் நமக்கு மிக முக்கியம். மழைத்தண்ணீரைத் தடுப்பது அதுதான். பத்துக் கதிரில் மட்டும் விதை எடுக்கக் கூடாது. சோளம் சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டால் இரண்டு மூன்று தலைமுறையில் குட்டையாகிவிடும். நூறு செடிக்குக் குறையாமல் எடுத்து, ஒவ்வொன்றிலும் நடுப்பகுதி மணியாகக் கொஞ்சம் கொஞ்சம் கலந்து வையுங்கள். முந்தி முற்றிய செடியாகத் தொடர்ந்து பொறுக்கினால் சில வருடத்தில் உங்கள் சோளம் மாசிக்குள்ளேயே கைக்கு வந்துவிடும்.

அரை ஏக்கரில் திறந்த மகரந்த இனம் நன்றாக வந்தால் அரைத் தொன் எதிர்பார்க்கலாம். குடும்பத்துக்குத் தாராளம். அரைத்த மாவை அன்றே பாவித்தால்தான் மணம். முளைக்கருவின் எண்ணெய் சில வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும், அதனால் மணியாக வைத்து வேண்டியபோது அரையுங்கள். ஒரு பிடி மாவைச் சட்டியில் வறுத்து, கொதிநீர் விட்டுக் குழைத்து ரொட்டி தட்டி, கட்டிச் சம்பலோடு சாப்பிட்டுப் பாருங்கள். வறுத்த வாசம், கொஞ்சம் இனிப்பு, நாக்கில் தங்கும் எண்ணெய்ப் பசை. விஸ்கிக்காரர்கள் இனத்துக்கு இனம் தேடுவது இதைத்தான். இரண்டு இனம் போட்டால் இரண்டையும் இப்படித் தட்டிப் பார்த்தே எது சிறந்தது என்று முடிவு செய்யலாம்.

செப்டெம்பருக்குள் விதை கையில் இருக்க வேண்டும். மூன்றரைக் கிலோ முளைக்கும் விதை கிடைத்தாலே கால் ஏக்கருக்குக் குழிக்கு இரண்டாகப் போடலாம், மற்றக் கால் ஏக்கரில் போஞ்சி போடுங்கள். வாங்கியதும் பத்து மணியை ஈரத் துணியில் சுற்றி ஐந்தாறு நாள் அடுப்படியில் வையுங்கள். எட்டு முளைத்தால் ஊன்றலாம். குறைந்தால் வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு தேடுங்கள்.